கல்கத்தா டாக்டரும் எங்கள் குப்பத்துப் பெரியப்பாவும்

மலர்க் குழுவினர் ஒரு கட்டுரை கேட்டபோது, விடுதிக் கலாட்டாக்களை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுத நம்ம செட்டில் ஆள் நிறைய உண்டு. நான் உளவியல் படித்தவன். வகுப்பில் கேட்ட ஒரு மனிதரின் வாழ்க்கை எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து சேர்ந்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் பாடு வழக்கம் உள்ள பக்கம். தண்ணியைப் பார்த்தே இறால் வரத்தைச் சொல்லிவிடுகிற பெரியவர்கள் நடுவில் வளர்ந்தேன். மனசைப் பற்றிப் படிக்க ஒரு பாடம் உண்டு என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

முதல் வருஷம் முழுக்க உளவியலின் பள்ளிகளை உருப்போட்டோம். 1879-இல் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் அமைத்த வுண்ட். மனம் என்ற பேச்சே வேண்டாம், நடத்தையை மட்டும் கவனியுங்கள் என்று 1913-இல் கிளம்பிய வாட்சன். முழுமையாகப் பார்க்கச் சொன்ன கெஸ்டால்ட்காரர்கள். நனவிலி மனத்தைக் காட்டிய ஃப்ராய்ட். கவனம், நினைவு, சிந்தனை என்று 1950-களில் மறுபடியும் மனத்துக்குள் நுழைந்த அறிதல் உளவியலார். இத்தனை பெயரில் நம் நாட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லையே என்று ஒரு மாணவி கேட்டாள். பேராசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கிரீந்திரசேகர் போஸின் கதையை ஆரம்பித்தார்.

போஸ் பிறந்தது 1887 ஜனவரி 30. அப்பா சந்திரசேகர் போஸ், தர்பங்கா சமஸ்தானத்தில் திவான். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி இவர். பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தையே சிரிக்க வைத்த எழுத்தாளர் ராஜசேகர் போஸ் இவருடைய அண்ணன். சின்ன வயதில் மாயாஜாலத்திலும் ஹிப்னாடிசத்திலும் கிரீந்திரசேகருக்கு ஒரே மோகம். 1910-இல் கல்கத்தாவில் டாக்டர் பட்டம் வாங்கிப் பிராக்டீஸ் தொடங்கினார். மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகள்தான் அவருடைய கவனத்தை இழுத்தார்கள்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை வந்தது 1916-இல். அதைத் தொடங்கிய என்.என். சென்குப்தா, ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். மூன்ஸ்டர்பெர்க், வுண்டின் மாணவர். ஆக, லைப்சிக் ஆய்வுக்கூடத்தின் பரம்பரை இரண்டே தலைமுறையில் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது! தொழில் நடத்திக்கொண்டிருந்த டாக்டர் போஸ் வெட்கப்படாமல் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்து, 1917-இல் எம்.எஸ்சி. முடித்தார். மனம் தன் ஆசைகளை எப்படி அமுக்கி வைக்கிறது என்று ஆராய்ந்து 1921-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உளவியலில் தந்த முதல் டாக்டர் பட்டம் அதுதான் என்பார்கள்.

அந்தப் புத்தகத்தை வியன்னாவுக்கு, ஃப்ராய்டுக்கே அனுப்பி வைத்தார். அவ்வளவு தூரத்து நாட்டில் தன் கருத்துக்கு ஒரு வாசகரா என்று ஃப்ராய்டுக்கு ஆச்சரியம். அப்படித் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1922-இல் பார்சிபகான் சந்தில் இருந்த தன் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃப்ராய்டின் 75-வது பிறந்த நாளுக்கு, 1931-இல், கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போயிற்று. அதை ஃப்ராய்ட் தன் மேஜை மேலேயே வைத்துக்கொண்டார்.

அதற்காகப் போஸ் தலையாட்டிப் பொம்மை இல்லை. ஒவ்வொரு ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்று நமக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது, அடிக்க நினைப்பவன் மனத்தின் அடியில் அடிபட நினைப்பவனும் இருக்கிறான் என்பது அவர் கொள்கை. மறைந்த பக்கத்தையும் நோயாளி உணர்ந்து பார்த்தால் முடிச்சு அவிழும் என்றார். தன் நோயாளிகளிடம் கண்டது ஐரோப்பியர் சொன்னதோடு ஒத்துப்போகாதபோது, அதையும் தயங்காமல் எழுதி அனுப்பினார். ஃப்ராய்ட் முழுசாக ஏற்கவில்லை. போஸும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது 1933-இல் அவர் செய்த காரியம். கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி. கர்) மனநோய்க்கென வெளிநோயாளர் பிரிவு தொடங்கினார். நம் நாட்டுப் பொது மருத்துவமனைகளில் அதுவே முதல். அதுவரை மனநோய் என்றால் பெரிய மதில்சுவர் வைத்த இடம்தான். காய்ச்சல்காரனும் கால் உடைந்தவனும் நிற்கிற அதே கட்டடத்தில் மனசு உடைந்தவனும் வந்து சீட்டு வாங்கலாம் என்று ஆக்கினார். 1940-இல், அண்ணன் ராஜசேகர் தந்த இடத்தில் லும்பினி பார்க் மருத்துவமனையும் எழுந்தது. போஸ் காலமானது 1953 ஜூன் 3-இல்.

வகுப்பு முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. என் நினைப்பெல்லாம் பெரியப்பா மேல் இருந்தது. மூன்று வருஷம் முன்னால் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவருடைய மகன், என் அண்ணன், போய்விட்டான். அதே படகில் இருந்த பெரியப்பா பிழைத்தார். அதற்குப் பிறகு அவர் தண்ணியில் கால் வைக்கவில்லை. தன் பாட்டு முறையையும் பங்காளிக்கே விட்டுவிட்டார். ராத்திரியெல்லாம் கரையிலேயே உட்கார்ந்திருப்பார். பேய் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. தாயத்து கட்டினோம், வேப்பிலை அடித்தோம். ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனால், உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா நடிக்கிறார் என்று திட்டி அனுப்பினார். அன்றைக்கு நானும் அவரைக் கோபித்துக்கொண்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய், கரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. விடியற்காலம் அவரே பேசினார். பிழைத்தது தப்பு, பையனுக்குப் பதிலாகத் தானே போயிருக்க வேண்டும் என்றார். தண்ணியை விட்டு ஓடுகிற அதே மனசு தண்ணிக்குள்ளேயே போகவும் தவித்ததை அப்போதுதான் புரிந்துகொண்டேன். பயந்துபோனேன். திங்கட்கிழமை கல்லூரிக்கு வராமல், அவரைச் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போய் வரிசையில் நின்றேன். பழைய பெரியப்பா திரும்பி வந்துவிட்டார் என்று சொன்னால் பொய். ஆனால் தூங்கினார், சாப்பிட்டார், வலை பின்ன உட்கார்ந்தார். அப்புறம் பதினோரு வருஷம் எங்களோடு இருந்தார்.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. போஸின் கொள்கைகள் எல்லாம் இன்றைய ஆய்வுக்கூடச் சோதனையில் தேறும் என்று நான் வாதாடவில்லை. ஃப்ராய்டின் பலவும் தேறாது. பள்ளிகள் வரும், போகும். மனசு நொந்தவனையும் நோயாளியாக மதித்து, உட்கார வைத்துக் கேட்ட அந்தப் பண்பு போகக்கூடாது. பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் யாரோ ஒருவர் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். இந்த விடுமுறைக்குப் போனால் அவர் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். 2022 முதல் 14416 என்ற அரசின் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. எங்கள் காலத்தில் அதுவும் இல்லை.

எனக்குப் பட்டம் தந்தது இந்தக் கல்லூரி. பெரியப்பாவைப் பதினோரு வருஷம் தந்ததும் இதே கல்லூரிதான் என்று நன்றியோடு பதிவு செய்கிறேன்.