மின்சாரத்துக்குக் கணக்குச் சொன்ன பூட்டுக்காரர் மகன்

சிவகாசியில் அச்சு எந்திரம் ஓடுகிறது. விருதுநகரில் எண்ணெய் ஆலை சுற்றுகிறது. வீட்டில் விளக்கு எரிகிறது. ஹீட்டரில் வெந்நீர் காய்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கணக்குதான்.

அந்தக் கணக்கை உலகுக்குச் சொன்னவர் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். சொன்னதற்கு அவருக்கு முதலில் கிடைத்த பரிசு வறுமை!

அவர் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம்.

தந்தையே ஆசான்

ஜெர்மனியில் உள்ள எர்லாங்கன் நகரில் 1789-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி ஓம் பிறந்தார். தந்தை பூட்டு செய்து பிழைத்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனாலும் தாமாகவே கணிதம் கற்றார். தாம் கற்றதை மகன்களுக்கும் கற்பித்தார்.

ஓமுக்கு 10 வயது ஆனபோது தாயார் காலமானார்.

1805-ல் ஓம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே படிப்பில் மனம் செல்லவில்லை. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுது போயிற்று. பாடுபட்டுப் படிக்கவைத்த தந்தைக்கு ஆத்திரம் பொங்கியது. படிப்பை நிறுத்தி, மகனை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் வேலை. ஓமுக்குப் புத்தி வந்தது. தனியே உட்கார்ந்து படித்தார். 1811-ல் ஊர் திரும்பி, டாக்டர் பட்டமும் பெற்றார்.

8 கம்பிகள்

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே நல்ல ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. தந்தையின் பட்டறையில் பழகிய கை அல்லவா? வேண்டிய கருவிகளை ஓம் தாமே செய்துகொண்டார்.

8 செம்புக் கம்பிகளை எடுத்தார். தடிமன் ஒன்றுதான், நீளம் மட்டும் வேறு. மிகச் சிறியது 2 அங்குலம். மிக நீண்டது 130 அங்குலம். ஒவ்வொன்றிலும் மின்சாரம் செலுத்தினார். அருகே தொங்கிய காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார்.

கம்பி நீளமானால் மின்சாரம் குறைந்தது. காரணம், கம்பி மின்சாரத்தைத் தடுக்கிறது. அதுவே மின்தடை.

தெருக்குழாயை நினைத்துப் பாருங்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வரும். குழாய் குறுகலாக இருந்தால் குறைவாக வரும். தொட்டியின் உயரம் போன்றது வோல்ட். ஓடும் தண்ணீர் போன்றது ஆம்பியர். குழாயின் குறுகல் போன்றது மின்தடை.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை வரும். 230 வோல்ட்டில் ஒரு ஹீட்டர் 5 ஆம்பியர் இழுக்கிறது. 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46. அதுவே அதன் மின்தடை.

வகுப்பதற்குப் பதில் பெருக்கினால் மின்சக்தி தெரியும். 230-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,150 வாட். ஒரு மணி நேரம் எரிந்தால் 1.15 யூனிட். மின்கட்டணம் ஏறும் ரகசியம் இதுதான்!

வேலை போயிற்று

1827-ல் ஓம் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகத்தில் பதவி கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. பலர் அவர் கூற்றை ஏற்கவே இல்லை. மனம் உடைந்த ஓம், 1828-ல் பள்ளி வேலையையும் விட்டார்.

அதன்பின் சில்லறை வேலைகளில் காலம் தள்ளினார். 1833-ல்தான் நியூரம்பர்க் நகரில் நிலையான வேலை கிடைத்தது. ஆனாலும் தம் கணக்கு தவறு என்று அவர் ஒருநாளும் எண்ணவில்லை.

14 ஆண்டுகள் கழிந்தன. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி, தன் உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தை ஓமுக்கு அளித்தது. அதே ஆண்டில் ஆங்கிலேயர் ஜூல், மின்சாரம் ஓடும் கம்பியில் எவ்வளவு வெப்பம் உண்டாகும் என்பதற்குக் கணக்குச் சொன்னார்.

1852-ல் ஓம் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இளமையில் கண்ட கனவு 63-வது வயதில் பலித்தது! இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6-ந் தேதி அவர் மறைந்தார்.

1881-ல் பாரிசில் கூடிய மின்சார மாநாடு, மின்தடையின் அளவுக்கு ஓம் என்ற பெயரையே ஏற்றது. மேலே கண்ட ஹீட்டரின் மின்தடை 46 ஓம்.

உயிர் காக்கும் கணக்கு

மின்கம்பி இணைப்பு ஒன்று தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் 1 ஓம் தடை கூடினாலும் போதும். அதே ஹீட்டர் ஓடும்போது, அந்தச் சிறு புள்ளியில் ஏறத்தாழ 24 வாட் வெப்பம் உண்டாகும். பிளக் கருகும், தீயும் பற்றலாம்.

பட்டாசு மருந்துக்குச் சிறு பொறி போதும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தில் குழந்தைகளும் அறியும். அங்கே தளர்ந்த கம்பியை முறுக்கி, சூடேறும் பிளக்கை மாற்றும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பூட்டுக்காரர் மகனின் கணக்கையே கைக்கொள்கிறார்கள்.