ஒரே இரவில் சாம்பலான கையெழுத்துப் படிகள்: வில்லியம் கேரி மறுபடி எப்படித் தொடங்கினார்?

1812 மார்ச் 11, மாலை நேரம். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் செராம்பூரில் ஓர் அச்சுக்கூடம் தீப்பிடித்தது. இந்திய மொழிகளுக்காக வார்த்து வைத்திருந்த ஈய எழுத்துகள் உருகி ஓடின. அடுக்கி வைத்திருந்த காகிதம் எரிந்தது. தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்கள், ராமாயண மொழிபெயர்ப்பு, பன்மொழி அகராதி ஆகியவற்றின் கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. இழப்பு சுமார் 10,000 பவுண்டு.

பேக்கப் என்ற சொல்லே இல்லாத காலம் அது. எரிந்தால் எரிந்ததுதான்.

அந்தப் படிகளுக்காகப் பல ஆண்டு உழைத்த வில்லியம் கேரி அன்று ஊரில் இல்லை. கல்கத்தாவில் கல்லூரிப் பாடம் நடத்தப் போயிருந்தார். செய்தி கேட்டுத் திரும்பியவர் இடிபாடுகளைப் பார்த்துக் கண்கலங்கினார். ஆனா, சில நாட்களிலேயே மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டார். 50 வயதில் அது எப்படி முடிந்தது? அதற்கு அவருடைய இறைநம்பிக்கையின் பக்கம் கொஞ்சம் போக வேண்டும்.

யார் இந்த கேரி?

1761-ல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். தொழில், செருப்பு தைப்பது. பட்டறைச் சுவரில் உலக வரைபடம் ஒன்றை ஒட்டி வைத்து, நாடுகளைப் பற்றிப் படித்த தகவல்களை அதில் குறித்துக்கொண்டே இருந்தார். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் வேலைக்கு நடுவே கற்றுக்கொண்டவை. பிறகு பாப்டிஸ்ட் சபை ஒன்றின் போதகரானார்.

1792-ல் அவர் வெளியிட்ட 87 பக்கப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு டேட்டா பத்திரிகையாளருக்கு நிச்சயம் ஆச்சரியம் வரும். நாடு வாரியாகப் பரப்பு, மக்கள்தொகை, மதம் என்று அட்டவணைகள்! உலக மக்கள்தொகை 73.1 கோடி என்பது அவர் போட்ட கணக்கு. இன்றைய அளவுகோலில் பல எண்கள் வெறும் ஊகங்கள்தான். ஆனால் எண்ணை முன்வைத்து வாதாடும் பழக்கம் அப்போதே அவரிடம் இருந்தது.

கடவுளே எல்லாம் செய்வார் என்றால், மனிதன் எதற்கு?

அந்தப் புத்தகம் ஒரு இறையியல் சண்டைக்கான பதில். கடவுளுடைய சித்தத்தை மீறி எதுவும் நடக்காது என்பது கிறிஸ்தவத்தின் முக்கியமான போதனைகளில் ஒன்று. இதைக் கேரியின் காலத்து பாப்டிஸ்டுகளில் சிலர் எல்லைக்கே கொண்டுபோனார்கள். யாரை மீட்க வேண்டும் என்று கடவுள் நினைக்கிறாரோ, அவரே மீட்டுக்கொள்வார்; நாம் கப்பல் ஏறிப் போக வேண்டியதில்லை என்றார்கள்.

கேரியும் அதே இறையாட்சியை நம்பியவர்தான். ஆனால் அவர் எடுத்த முடிவு நேர் எதிர். மழை நம் கையில் இல்லை என்பதற்காக யாராவது உழாமல் இருப்பார்களா? விளைச்சல் கடவுளுடையது, உழுவது மனிதனுடையது. அவருடைய வாதத்தை இப்படிச் சுருக்கலாம்.

ஏழு ஆண்டு, பூஜ்யம்

1793 நவம்பரில் குடும்பத்தோடு கல்கத்தா வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் என்றாலே ஆகாது. அதனால் வடக்கு வங்காளத்தில் ஓர் அவுரித் தொழிற்சாலையை நிர்வகித்தபடி வங்காளம் கற்றார். ஏழு ஆண்டு போதித்தும் ஒரு இந்தியர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. 1800-ல் டேனிஷ் ஆட்சியில் இருந்த செராம்பூருக்கு மாறினார். அந்த ஆண்டு டிசம்பர் 28-ல்தான் கிருஷ்ண பால் என்ற தச்சர் முதல் ஆளாக ஞானஸ்நானம் பெற்றார்.

செராம்பூரில் ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் ஆகியோருடன் சேர்ந்து ஒரே குடும்பமாக வாழ்ந்தார். 1805-ல் எழுதிய உடன்படிக்கையை ஆண்டுக்கு மூன்று முறை எல்லோர் முன்னும் வாசித்தார்கள். எதையும் தன்னுடையது என்று எண்ணக் கூடாது என்பது அதன் சாரங்களில் ஒன்று. ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் கேரிக்கு மாதம் 500 ரூபாயில் தொடங்கிய சம்பளத்தின் பெரும்பகுதி பொதுக் கணக்குக்கே போனது. இவர்களுக்குத் தாழ்மை என்பது மனதில் வைத்துக்கொள்ளும் உணர்வு மட்டும் இல்லை, வரவு செலவு நோட்டில் தெரியும் விஷயம்.

தீ விபத்துக்குப் பிறகு

விபத்துக்கு அடுத்த ஞாயிறு, 46-ஆம் சங்கீதத்தை வைத்துப் பிரசங்கித்தார். நம்மையும் நம் வேலையையும் தம் விருப்பப்படி நடத்தக் கடவுளுக்கு உரிமை உண்டு, அதற்கு இணங்குவது மனிதனின் கடமை என்பதே அதன் பொருள். அச்சுக்கூடத்தின் வளர்ச்சியைப் பார்த்துத் தனக்குள் பெருமை வந்துவிட்டதோ என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். கூடவே ஒரு நடைமுறைக் கணக்கும் போட்டார்: ஒருமுறை நடந்த பாதையில் இரண்டாம் முறை நடப்பது சுலபம், மொழிபெயர்ப்பும் முன்பைவிடச் சரியாக வரும்.

உருகிய உலோகத்தைத் தோண்டி எடுத்து மறுபடி எழுத்து வார்த்தார்கள். பிரிட்டனில் இரண்டே மாதத்தில் இழப்புக்கு ஈடான பணம் திரண்டது. சில மாதங்களில் அச்சு ஓடியது.

டாரதி கொடுத்த விலை

இங்கே கதையை முடித்தால் அது பாதி உண்மைதான். கேரியின் மனைவி டாரதிக்கு இந்தியா வரவே விருப்பமில்லை. கடைசி நேரத்தில்தான் சம்மதித்தார். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன் பிறகு டாரதியின் மனநலம் குலைந்தது. அறையில் அடைத்து வைக்கும் அளவுக்கு நிலை மோசமானது. பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1807-ல் டாரதி இறந்தார்.

எல்லாம் கடவுள் சித்தம் என்ற நம்பிக்கை கேரியைத் தாங்கியது. ஆனால் அந்தப் பயணத்தை டாரதி தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவருடைய அர்ப்பணிப்புக்கு இன்னொருவர் விலை கொடுக்கும்போது, அதையும் கடவுள் கணக்கில் எழுதிவிட முடியுமா? அவரைப் போற்றுகிறவர்களும் தாண்டிப் போக முடியாத கேள்வி இது.

என்ன மிஞ்சியது?

பைபிளை முழுமையாகவோ பகுதியாகவோ சுமார் 40 மொழிகளில் செராம்பூர் குழு கொண்டுவந்தது. ராம்ராம் பாசு, மிருத்யுஞ்ஜய் வித்யாலங்கார் போன்ற அறிஞர்களும், எழுத்து வார்த்த பஞ்சானன் கர்மகாரும் இல்லாமல் செராம்பூரின் சாதனையே இல்லை. அந்த மொழிபெயர்ப்புகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்த வேண்டியிருந்தது என்பதும் உண்மை. 1818-ல் தொடங்கிய செராம்பூர் கல்லூரி இன்றும் இருக்கிறது. மதுரையிலும் சென்னையிலும் உள்ள இறையியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குக் கிடைப்பது செராம்பூர் பட்டம்தான்.

உடன்கட்டைக்கு எதிராகவும் எண்களைத்தான் திரட்டினார். 1803-ல் கல்கத்தாவைச் சுற்றி 30 மைலுக்குள் 438 பெண்கள் எரிக்கப்பட்டதாக அவர்களுடைய கணக்கு சொன்னது. 1829-ல் தடை உத்தரவு வந்தபோது, அதை வங்காளத்தில் பெயர்த்தவரும் கேரியே.

தன்னிடம் இருந்த ஒரே திறமை விடாமல் நடந்துகொண்டே இருப்பது என்றுதான் அவர் நினைத்தார். 1834 ஜூன் 9-ல் இறந்தார். கல்லறையில் சாதனைப் பட்டியல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அதனால் அங்கே இருப்பது பெயர், பிறந்த, இறந்த தேதிகள், கடவுளின் கையில் விழும் எளிய புழுவாகத் தன்னைச் சொல்லும் ஒரு பாடலின் வரிகள். அவ்வளவுதான்.