பருப்பும் புண்ணாக்கும் இல்லாமல் பால்!

பின்லாந்து, ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு. அங்கே குளிர்காலம் மிக நீண்டது. பல மாதங்கள் பூமியைப் பனி மூடிக் கிடக்கும். புல் முளைக்காது. மாடுகள் கொட்டகையிலேயே அடைந்து கிடக்கும்.

கோடையில் அறுத்த பசும்புல்லைக் குழியில் சேர்த்து வைத்தால், அதில் பெரும்பகுதி அழுகிவிடும். மாடுகளுக்குப் பால் வற்றிவிடும். குடியானவர்கள் தவித்தார்கள்.

இந்தத் தவிப்பைத் தீர்த்தவர் ஆர்த்துரி விர்ட்டானன். 1895-ம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் பிறந்தவர். ரசாயனம் படித்து, பால் கூட்டுறவு சங்கம் ஒன்றின் ஆராய்ச்சிச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நீர் கலந்த அமிலத்தைப் புல்லில் தெளித்துப் பார்த்தார். புளிப்பு ஏறியது. அழுகச் செய்யும் கிருமிகள் அடங்கின. புல் குளிர்காலம் முழுவதும் கெடவில்லை. இதற்காக 1945-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பரிசோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 60 வயதுக்கு மேல் பசுவின் வயிற்றை ஆராயத் தொடங்கினார்.

வைக்கோலைச் செரிப்பது யார்? பசுதான் என்று சொல்வீர்கள். இல்லை! நாரைக் கரைக்கும் சக்தி நமக்கும் கிடையாது, பசுவுக்கும் கிடையாது. பசுவின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை மிகப் பெரியது. பெரிய பசுவானால் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அந்த இருட்டறையில், ஒரு சொட்டுச் சாற்றிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவைதான் நாரை உடைத்து, ஒருவகை அமிலங்களாக மாற்றுகின்றன. பசுவின் உடம்புக்குத் தெம்பு தருபவை அந்த அமிலங்களே.

தின்று பெருகிய நுண்ணுயிர்கள் நான்காவது அறைக்குத் தள்ளப்படுகின்றன. அங்கே அவையே செரிக்கப்பட்டுப் பசுவுக்குப் புரதச் சத்து ஆகின்றன. வீட்டுக்காரர் குடித்தனக்காரரையே விழுங்கிவிடுகிற கதைதான்!

விர்ட்டானன் யோசித்தார். புரதத்தை நுண்ணுயிர்களே உண்டாக்குமானால், மனிதன் உண்ணும் பருப்பையும் தானியத்தையும் மாட்டுக்கு ஏன் போட வேண்டும்?

1960-களில் சோதனை நடந்தது. சுத்தம் செய்த நார், மாவுச் சத்து, சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவற்றோடு யூரியாவும் அம்மோனியா உப்பும் பசுக்களுக்குத் தரப்பட்டன. புரதம் கிடையாது. புதிய தீனிக்கு அவற்றை மெல்ல மெல்லப் பழக்கினார்கள். பசுக்கள் கன்று ஈன்றன. நல்ல பால் கறந்தன. ஆண்டுக்கு 4,000 கிலோவுக்கு மேல் கறந்த பசுவும் உண்டு! 1966-ல் இந்த முடிவுகள் வெளியானபோது விஞ்ஞானிகள் வியந்தார்கள்.

ஆனால் இது ஆராய்ச்சிச் சாலைத் தீனி. செலவு அதிகம், எந்தக் குடியானவருக்கும் கட்டாது. இதைப் படித்துவிட்டு, உரத்துக்கு வாங்கிய யூரியாவை யாரும் மாட்டுக்கு அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அளவு மீறினால் அது விஷம். மாடு செத்தே போகும்.

விர்ட்டானன் 1973-ல், 78-வது வயதில் காலமானார். பின்லாந்தில் இன்றும் அமிலம் சேர்த்துத்தான் புல்லைப் பதப்படுத்துகிறார்கள். அவர் தெளித்த கடுமையான அமிலங்களுக்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் பார்மிக் அமிலம். சில எறும்புகளின் விஷத்தில் இருக்கிறதே, அதே அமிலம்தான்.