மே தினம் கொண்டாடிய தாத்தா

இந்த மாதம் தலைவர்கள் வரலாறு பகுதிக்கு நான் எழுதுவது சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர் பற்றி. மே 1 முழுப்பரீட்சை லீவில் வருவதால் அது ஒரு விடுமுறை நாள் என்றே நமக்குத் தோன்றாது. ஆனால் எங்க அம்மாவுக்கு வருஷத்தில் சம்பளத்தோடு கிடைக்கிற சில லீவுகளில் அதுவும் ஒன்று. அந்த நாளை இந்தியாவில் முதன்முதலில் கொண்டாடியவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர்.

சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் படிப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அவர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து வக்கீல் ஆனார். புத்தகம் என்றால் அவருக்கு உயிர். வீட்டிலேயே பெரிய நூலகம் வைத்திருந்தார். புத்தர் கருத்துகள் மீது பற்று கொண்டு வீட்டில் கூட்டங்களும் நடத்தினார்.

நல்ல வருமானம், கடற்கரைப் பக்கம் வீடு, ஊரில் மரியாதை எல்லாம் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் சுகமாகவே இருந்திருக்கலாம். ஆனால் 1921-ல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, தன் வக்கீல் அங்கியைப் பொது இடத்தில் தீயில் போட்டு எரித்தார். அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் கோர்ட்டில் வாதாடப் போகவே இல்லை. அப்போது அவருக்கு வயது 61.

அந்தச் சமயம் சென்னையில் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு பெரிய பஞ்சாலைகள் இருந்தன. 1918-ல் அங்கேதான் சென்னை தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. 1921-ல் அந்த ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது சிங்காரவேலர் தொழிலாளர் பக்கம் நின்றார்.

அவர் காரல் மார்க்ஸ் எழுதியதைப் படித்துத் தமிழில் எளிமையாக விளக்கினார். மார்க்ஸ் 1818-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஆலையும் மிஷினும் வைத்திருப்பவர்கள் ஒரு வர்க்கம், கையில் உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறு ஒன்றும் இல்லாதவர்கள் இன்னொரு வர்க்கம் என்றார். தொழிலாளி செய்த பொருள் அவனுடையது இல்லாமல் போகிறது, வேலையும் அவன் இஷ்டப்படி நடப்பதில்லை, கடைசியில் அவன் தன்னிடமிருந்தே விலகிப் போகிறான் என்று 26 வயதில் எழுதினார். இதற்கு அந்நியமாதல் என்று பெயர்.

முதலில் எனக்கு இது புரியவே இல்லை. அப்புறம் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தோள்பட்டை மட்டும் ஜாயின் பண்றாங்க. கழுத்து வேற ஒருத்தர், கை வேற ஒருத்தர், பிசிறு வெட்டுவது இன்னொருத்தர். ஒரு குயவர் பானை செய்தால் அது நான் செய்த பானை என்று சொல்லலாம். அம்மாவால் அப்படிச் சொல்ல முடியுமா? முழுசா ஒரு டி-ஷர்ட்டாவது நீங்களே தைச்சிருக்கீங்களாம்மா என்று ஒரு நாள் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. பதினோரு வருஷத்துல ஒண்ணு கூட இல்லைன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

1886 மே 1 அன்று அமெரிக்காவில் சிகாகோ முதலிய நகரங்களில் தொழிலாளர்கள் 8 மணி நேர வேலை கேட்டுப் போராடினார்கள். அதன் நினைவாகத்தான் மே தினம். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் திருவல்லிக்கேணி கடற்கரையிலும், உயர்நீதிமன்றம் எதிரே இருந்த கடற்கரையிலும் கூட்டம் நடத்தி மே தினம் கொண்டாடினார். கொடிக்குச் செந்துணி கிடைக்காததால் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடியாகக் கட்டினார் என்று சொல்வார்கள். அன்றைக்கே தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஒரு கட்சியும் தொடங்கினார். 1925-ல் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கும் அவர்தான் தலைமை.

1928-ல் தென்னிந்திய ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தது. நம்ம பக்கத்துப் போத்தனூர் ஒர்க்‌ஷாப் ஆட்களும் அதில் பாதிக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரைக் கைது செய்து 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். அப்போது அவருக்கு 68 வயது! அந்த வயதில் எங்க அம்மிச்சி திண்ணையை விட்டு இறங்கவே கை கொடுக்கணும். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1930-ல் விடுதலையானார்.

பிறகும் அவர் ஓயவில்லை. 1932 டிசம்பரில் ஈரோட்டில் பெரியார் வீட்டில் கூடி, சமதர்மத்துக்காக ஈரோட்டுத் திட்டம் உருவாகத் துணை நின்றார். காங்கேயத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் ஊர் அது. குடிஅரசு பத்திரிகையில் அறிவியல் கட்டுரைகளும் நிறைய எழுதினார். 1946 பிப்ரவரி 11 அன்று, 86 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது காலமானார். சென்னை கலெக்டர் ஆபீஸ் கட்டிடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர்.

நம்ம திருப்பூரிலும் 1984-ல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதுவும் தானாக வந்துவிடவில்லை. யாரோ வேலையை விட்டு, ஜெயிலுக்குப் போய், பட்டினி கிடந்து வாங்கித் தந்ததுதான்.

8 மணி நேரம் என்பது புத்தகத்தில் இருக்கிறது. எங்க அம்மா இன்னைக்கும் ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி கம்பெனி வேனில்தான் வர்றாங்க. அக்கா பத்தாவதோடு நின்று அதே வேனில் போறா. அடுத்த வருஷம் எனக்கும் பத்தாவது. நான் பதினொண்ணு படிக்கணும்னுதான் அம்மா அந்த அரை ஷிப்டைச் சேர்த்துப் பார்க்கிறாங்க.

நண்பர்களே, நீங்கள் போட்டிருக்கும் பனியனின் தோள்பட்டைத் தையலை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அதைத் தைத்தது நம்ம ஊர் அம்மா ஒருத்தராகக்கூட இருக்கலாம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு