கணிப்பொறியின் தந்தை சார்லஸ் பாபேஜ்



இன்று உலகெங்கும் கணிப்பொறி பணிபுரிகின்றது. இல்லங்களில் மின்விளக்கு எரியாத காலத்திலேயே அதன் அடிப்படை அமைப்பை வரைந்து வைத்தவர் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேய அறிஞர்.

அன்னார் 1791ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1814இல் பட்டம் பெற்றார். முன்பு நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியை 1828 முதல் 1839 வரை வகித்தார்.

அந்நாளில் மாலுமிகளும் வானியலாரும் அச்சிட்ட கணக்கு அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அவற்றைக் கையால் கணித்தோரும் பிழை செய்தனர். அச்சுக் கோத்தோரும் பிழை செய்தனர். ஓர் எண் தவறினாலும் கப்பல் வழி தவறக்கூடும். 1821இல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் அட்டவணைகளைச் சரிபார்த்த பாபேஜ், பிழைகள் மலிந்திருக்கக் கண்டு வருந்தினார். பிழையின்றிக் கணிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்ய உறுதி பூண்டார். 1822இல் சிறிய மாதிரியைச் செய்து காட்டினார். மறு ஆண்டே அரசு பொருளுதவி அளித்தது.

ஆயினும் துன்பங்கள் தொடர்ந்தன. 1827ஆம் ஆண்டில் தந்தையையும் அன்பு மனைவியையும் இழந்தார். இயந்திரம் செய்த வினைஞரோடு பிணக்கு ஏற்பட்டு, 1833இல் வேலை நின்றது. 17,000 பவுனுக்கு மேல் செலவிட்ட அரசும் 1842இல் கைவிட்டது.

பாபேஜ் சோர்ந்துவிடவில்லை. 1834 முதல், எவ்வகைக் கணக்கையும் செய்யவல்ல புதிய இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டு வந்தார். எண்களைச் சேர்த்து வைக்க ஒரு பகுதி. அதற்குக் களஞ்சியம் என்று பெயரிட்டார். கணக்கைச் செய்ய மற்றொரு பகுதி. அதற்கு ஆலை என்று பெயரிட்டார். நெல்லைக் களஞ்சியத்திலிருந்து ஆலைக்குக் கொண்டு செல்வதுபோல் எண்கள் சென்று திரும்பும். பட்டுத்துணியில் பூவேலை நெய்யும் பிரெஞ்சுத் தறியில் துளையிட்ட அட்டைகள் நூலை நடத்தின. அத்தகைய அட்டைகளே இவ்வியந்திரத்திற்கும் கட்டளையிடும். இதன் ஆற்றலை அடா லவ்லேஸ் அம்மையார் 1843இல் விளக்கி எழுதினார். நினைவகம் வேறு, செயலகம் வேறு என்னும் இன்றைய கணிப்பொறி அமைப்பும் இத்தகையதே.

இப்பெரும் இயந்திரங்களில் ஒன்றையேனும் முழுமையாகக் காணாமலே, 1871ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பாபேஜ் மறைந்தார். எனினும் அவர் வரைபடங்களைச் செம்மையாக விட்டுச் சென்றிருந்தார். 1847 முதல் 1849 வரை அவர் வரைந்த கணிப்பு இயந்திரத்தின் கணக்கிடும் பகுதியை, 1991இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் செய்து முடித்தனர். அது 31 இலக்கம்வரை பிழையின்றிக் கணித்தது!

மாணவர்களே! நாம் தொடங்கிய நற்பணி நம் காலத்தில் முடியாமற் போகலாம். பிறர் தொடரும்படி அதனைத் தெளிவாகவும் திருத்தமாகவும் எழுதி வைத்தால், அவ்வுழைப்பு வீண்போகாது.