ஆறு மாத வேலைக்கு வந்து 19 ஆண்டு இருந்த அம்மையார்
கம்ப்யூட்டருக்குப் பொது மொழி தேடிய கிரேஸ் ஹாப்பரின் வாழ்க்கை

தேவரா:

"தற்காலிகம்" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. தற்காலிக வேலை, தற்காலிகக் கொட்டகை, தற்காலிக வாடகை வீடு! ஆறு மாதத்துக்கு என்று கொச்சிக்கு வந்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்து, பேரன் பேத்தி எடுத்த தமிழர்கள் தேவராவிலும் மட்டாஞ்சேரியிலும் எத்தனையோ பேர்.

அமெரிக்காவிலும் ஓர் அம்மையாருக்கு இதே கதைதான். ஆறு மாத வேலை என்று சொல்லி அவரை அழைத்தார்கள். ஏறத்தாழ 19 ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். அதற்கு முன்பே, அவர் முன்னின்று உருவாகக் காரணமாயிருந்த கம்ப்யூட்டர் மொழி ஒன்றும் தற்காலிக ஏற்பாடு என்றுதான் தொடங்கப்பட்டது. 60 ஆண்டு கடந்த பிறகும் அது வழக்கத்தில் இருக்கிறது.

அந்த அம்மையார்தான் கிரேஸ் ஹாப்பர்.

ஷொரனூரில் இறக்கி ஏற்றிய கதை

அவர் செய்த வேலை என்ன என்பதை ரயில் பாதையை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும்.

1902-ம் ஆண்டு ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தபோது அது மீட்டர் கேஜ் பாதை. சென்னையிலிருந்து ஷொரனூர் வரும் பாதையோ அகலப் பாதை. அந்த வண்டி இந்தப் பாதையில் ஓடாது. ஷொரனூரில் பயணிகள் இறங்கி ஏற வேண்டும். மூட்டைகளையும் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்ற வேண்டும். 1930-களில் கொச்சிப் பாதை அகலப் பாதையாக மாறிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

கம்ப்யூட்டர் உலகமும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியின் இயந்திரத்துக்கும் ஒரு தனி மொழி. ஓர் இயந்திரத்துக்கு எழுதிய சம்பளக் கணக்கு இன்னொரு இயந்திரத்தில் ஓடாது. பழைய இயந்திரத்தை மாற்றினால், பல மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அந்த உலகத்துக்கு ஒரே அளவுப் பாதை வேண்டும் என்று பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஹாப்பர்.

ஏழு கடிகாரங்கள்

1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். தாய்வழிக் கொள்ளுத் தாத்தா கடற்படையில் பெரிய அதிகாரி.

சிறுமிக்கு ஏழு வயது. அலாரம் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று பார்க்க ஒன்றைப் பிரித்தாள். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பூட்டலாம் என்று அடுத்ததைப் பிரித்தாள். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாயின! தாயார் அடிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் பிரிக்கலாம் என்று கட்டளை போட்டதோடு சரி.

1928-ல் வாஸர் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் படித்த கல்லூரியிலேயே கணித ஆசிரியை ஆனார். 1930-ல் நடந்த திருமணம் 1945-ல் விவாகரத்தில் முடிந்தது. குழந்தைகள் இல்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேர மனுப் போட்டார். வயது அதிகம், உடல் எடை குறைவு என்று முதலில் தடை சொன்னார்கள். விடவில்லை. விதிவிலக்குப் பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதல் மாணவியாகத் தேறினார்.

51 அடி நீள இயந்திரம்

1944 ஜூலையில் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே "மார்க்-1" என்ற கணக்கு இயந்திரம் இருந்தது. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. கடற்படைக்கு வேண்டிய கணக்குகளை அது இரவு பகலாகப் போட்டது. அதற்கு 500 பக்கத்துக்கு மேல் ஒரு கையேடு எழுதும் பொறுப்பும் ஹாப்பரிடம் வந்தது.

1947-ல் "மார்க்-2" இயந்திரம் ஒருநாள் கோளாறு செய்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு விட்டில் பூச்சி! அதை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் பத்திரமாக இருக்கிறது. பூச்சியைக் கண்டுபிடித்தது ஹாப்பர் என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் கண்டுபிடித்தவர்கள் உடன் வேலை செய்தவர்கள். அந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவர்தான் ஹாப்பர்.

இயந்திரத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

1949-ல் பிலடெல்பியா நகரில் "யூனிவாக்" கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார்.

அப்போது கம்ப்யூட்டருக்கு இடும் ஒவ்வொரு கட்டளையும் எண்களும் குறிகளுமாக இருந்தது. ஒரு வேலைக்கு எழுதிய பகுதி இன்னொரு வேலைக்கும் தேவைப்பட்டால், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுப்பதில் வரும் தவறு எப்படிப்பட்டது என்று குமாஸ்தாக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓர் இலக்கம் மாறினால் மொத்தக் கணக்கும் போச்சு!

இந்த நகல் வேலையை இயந்திரமே செய்தால் என்ன என்று ஹாப்பர் யோசித்தார். 1952-ல் செய்தும் காட்டினார். அடுத்து, வியாபாரக் கணக்குகளைச் சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே எழுதலாம் என்றார். விலையை எண்ணிக்கையால் பெருக்கு, வந்ததைத் தொகை என்ற இடத்தில் வை என்று எழுதினால் போதும். அதை இயந்திரத்தின் எண்களாக மாற்றும் வேலை இயந்திரத்துடையது. இப்படி மாற்றித் தருவதற்குக் "கம்பைலர்" என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலதிகாரிகள் நம்பவில்லை. கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் தெரியாது என்று அடித்துச் சொன்னார்கள். அவர் ஒரு வேலை செய்தார். ஒரே கட்டளைத் தொகுப்பை ஆங்கிலத்திலும், பிரெஞ்சிலும், ஜெர்மனியிலும் எழுதிக் காட்டினார். அதிகாரிகள் இன்னும் அரண்டு போனார்கள். அமெரிக்காவில் செய்த இயந்திரத்துக்குப் பிரெஞ்சு எப்படித் தெரியும் என்பது அவர்களுடைய கவலை! இயந்திரத்துக்கு எல்லா மொழியும் வெறும் அடையாளக் குறிகள்தான் என்பதை அவர்களுக்குப் புரிய வைக்கவே பல மாதம் பிடித்தது. மலையாளக் கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளில் நமக்கு ஏற்பட்ட அனுபவத்தை நினைத்துப் பார்த்தால், இது நன்றாகவே புரியும்.

அந்த மொழி "ஃப்ளோ-மேட்டிக்" என்ற பெயரில் வெளிவந்தது.

மூன்று கமிட்டிகள்

ஆனால் அது ஒரு கம்பெனியின் மொழி. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான மொழி வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பியவர் பரோஸ் கம்பெனியைச் சேர்ந்த மேரி ஹாஸ் என்ற பெண்மணி. 1959 ஏப்ரலில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிலர் கூடிப் பேசினார்கள். ஹாப்பரும் அதில் இருந்தார். மே 28, 29 தேதிகளில் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் தலைமையகமான பென்டகனில் பெரிய கூட்டம் நடந்தது. சுமார் 40 பேர் வந்திருந்தார்கள்.

அங்கே எதிர்கால வேலைக்கு ஒரு திட்டம் போட்டார்கள். மூன்று கமிட்டிகள். குறுகிய காலக் கமிட்டி, கையில் உள்ள மொழிகளைப் பார்த்து மூன்று மாதத்தில் ஓர் அவசர ஏற்பாடு செய்ய வேண்டும். இடைக்காலக் கமிட்டி, அதைவிட நல்ல மொழிக்கு வழி தேட வேண்டும். நீண்ட காலக் கமிட்டி, பல ஆண்டுகளுக்கு நிற்கக்கூடிய மொழியை யோசிக்க வேண்டும்.

காகிதத்தில் அழகான திட்டம். நடந்தது வேறு.

குறுகிய காலக் கமிட்டியில் ஆறு கம்பெனிகளும் மூன்று அரசு அமைப்புகளும் இருந்தன. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் ஆறு பேர் கொண்ட சிறு குழு 1959 நவம்பரில் நியூயார்க்கில் இரண்டு வாரம் உட்கார்ந்து வேலையை முடித்தது. புதிய மொழிக்குக் "கோபால்" என்று பெயர். நம் ஊர்ப் பிள்ளையின் பெயர்போல் ஒலித்தாலும், வியாபார வேலைக்கான பொது மொழி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

குழுவில் இருந்த ஒருவர் சலித்துப்போய், கோபால் என்று பொறித்த ஒரு கல்லறைக் கல்லை விலைக்கு வாங்கி, மேலிடத் தலைவருக்கு அனுப்பி வைத்தார். பிள்ளை பிழைக்காது என்பது அதன் பொருள்!

பிள்ளை பிழைத்தது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் கட்டளைத் தொகுப்பை வெவ்வேறு கம்பெனிகளின் இரண்டு இயந்திரங்களில் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டிலும் ஒரே விடை வந்தது. கோபால் தெரியாத கம்ப்யூட்டரை வாங்குவதில்லை என்று அமெரிக்க அரசாங்கமும் கண்டிப்புக் காட்டியது. கம்பெனிகள் வழிக்கு வந்தன.

நீண்ட காலக் கமிட்டி என்ன ஆயிற்று? அது அமைக்கப்படவே இல்லை. மூன்று மாத ஏற்பாடே நிரந்தரம் ஆகிவிட்டது.

ஹாப்பரைக் கோபாலின் தாய் என்று சொல்வது வழக்கம். கமிட்டியில் இருந்த ஜீன் சம்மெட் என்ற பெண்மணி இதை மறுத்தார். ஹாப்பர் அந்தக் கமிட்டியில் இல்லை. மேல் குழுவுக்கு ஆலோசகராகத்தான் இருந்தார். ஆனால் கோபாலின் பெரும்பகுதி ஃப்ளோ-மேட்டிக்கிலிருந்து வந்தது என்பதில் சம்மெட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெற்றவர்கள் பலர், பாட்டி இவர் என்று சொன்னால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

ஓய்வும் அழைப்பும்

1966 டிசம்பர் கடைசியில், 60 வயதில், கடற்படையின் சேமப் பிரிவிலிருந்து அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவருக்கு அது பெரிய வருத்தம்.

ஏழு மாதம்தான் கடந்தது. 1967 ஆகஸ்டில் திரும்ப அழைத்தார்கள். பொது மொழி என்று பெயர் இருந்தாலும், ஒவ்வொரு கம்பெனியும் கோபாலில் தன் விருப்பத்துக்குச் சில சொற்களைச் சேர்த்துவிட்டிருந்தது. பாதை ஒன்று என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஓர் அங்குலம் கூட்டிக் குறைத்துத் தண்டவாளம் போட்டால் என்ன ஆகும்? கடற்படையின் கணக்குகள் மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இதை ஒழுங்குபடுத்த ஆறு மாதம் வந்து போகும்படி கேட்டார்கள்.

அவர் பேச்சோடு நிறுத்தவில்லை. சோதனைக் கட்டளைத் தொகுப்புகளைத் தம் குழுவைக் கொண்டு எழுத வைத்தார். சரியான விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகள் அவை. ஒரு கம்பெனியின் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஓட்டினால், விதிப்படி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எடைக் கல்லை முத்திரை வைத்த கல்லோடு ஒப்பிடுவது போன்றது இது. 1968-ல் கோபாலுக்கு அமெரிக்கத் தேசியத் தர விதி வந்தது. 1974-லும் 1985-லும் திருத்தப்பட்டது.

ஆறு மாதம் வளர்ந்துகொண்டே போனது. 1971-ல் ஓய்வு கொடுத்து, அடுத்த ஆண்டே மறுபடி அழைத்துக்கொண்டார்கள். பதவியும் உயர்ந்து, ரியர் அட்மிரல் ஆனார். 1986 ஆகஸ்டில் 79-வது வயதில் பழம்பெரும் போர்க்கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் அவருக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. அப்போது கடற்படையில் பணியிலிருந்த அதிகாரிகளிலேயே வயதில் மூத்தவர் அவர்தான்.

அவருடைய அறையில் முள் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. எப்போதும் இப்படித்தான் செய்கிறோம் என்று பதில் சொல்பவர்களுக்கு அதைக் காட்டுவார். இப்படியும் மணி பார்க்கலாம் என்பது அதன் பாடம்.

1992 ஜனவரி 1-ந் தேதி 85 வயதில் காலமானார். 2016-ல் அமெரிக்க ஜனாதிபதியின் உயரிய விருது அவர் நினைவுக்கு வழங்கப்பட்டது.

நமக்கு என்ன?

கம்ப்யூட்டர் வந்தால் குமாஸ்தா வேலை போய்விடும் என்று 1960-களில் நம் நாட்டிலும் பயம் இருந்தது. எல்.ஐ.சி. ஊழியர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அந்தப் பயத்தைத் தவறென்று ஒதுக்க முடியாது. ஆனால் அதே கோபால் இன்னொரு கணக்கையும் தீர்த்தது. இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டுக்கு இரண்டே இலக்கம் போடுவது அந்தக் காலத்து வழக்கம். 1967 என்றால் வெறும் 67. 2000-ம் ஆண்டு வந்தால் 00 என்று குழம்பும்! அதைத் திருத்த 1990-களில் கோபால் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். சாதாரணக் குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் கோபால் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் வேலைக்குப் போனார்கள்.

அதே தற்காலிக ஏற்பாட்டால் தொழிலாளிகள் தவித்ததும் உண்டு. 2020-ல் கொரோனா வந்து வேலை இழந்தவர்கள் உதவித் தொகைக்கு மனுப் போட்டபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தின் பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கவர்னரே வெளிப்படையாகக் கேட்டார். பணம் தாமதமானது. தவித்தவர்கள் அன்றாடம் காய்ச்சிகள். 1959-ல் அமைக்காமல் விட்ட நீண்ட காலக் கமிட்டியின் விலையில் ஒரு பங்கை அவர்கள் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கோபாலின் தர விதி 2023-லும் புதுப்பிக்கப்பட்டது.

தேவராவிலிருந்து பாலத்தைக் கடந்து வெலிங்டன் தீவுக்கு வேலைக்குப் போகிறவர்களும், எர்ணாகுளத்து ஆபீஸ்களில் பேரேடு எழுதுகிறவர்களும் ஒன்றை நினைவில் வைக்கலாம். இப்போதைக்கு இது போதும் என்று நாம் போடும் கோடு, நமக்குப் பின் வருகிறவர்களுக்கும் கோடாகவே இருக்கும். எனவே அடுத்த ரிஜிஸ்தருக்குப் பத்தி பிரிக்கும்போது, ஓர் இலக்கத்துக்குக் கூடுதலாக இடம் விடுவோம்.