வேலை போனால் வீடும் போகுமா? துன் சம்பந்தன் காட்டிய வழி

தேயிலைத் தோட்டமோ, சமவெளி ரப்பர் தோட்டமோ, லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போச்சுன்னா வீடும் போச்சு!

1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, பல தொழிலாளர் குடும்பங்களுக்கு அதுதான் நடந்தது.

1919-ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன், அப்போது அமைச்சர், ம.இ.கா. தலைவரும்கூட. அரசு மானியம் வரட்டும் என்று காத்திருக்காமல், 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் கைக்கு வந்தது. அடுத்தடுத்து இன்னும் பல.

1979-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். வேலை ஓய்ந்த பிறகு எங்கே குடியிருப்பது என்ற கேள்வி மட்டும் தோட்டங்களில் இன்னும் ஓயவில்லை.